மூடுபனிக்குள் ஒரு கொடி வணக்கம்: மலைப் பள்ளிக்குப் புதிதாக வரும் டீச்சர்களுக்கு

நான் மலைக்கு வேலைக்கு வந்த முதல் வருடம், ஆகஸ்ட் 15 காலையில், கொடிக்கம்பத்தின் உச்சியே கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவு மிஸ்ட். தலைமை ஆசிரியர் கயிறை இழுத்தார், ஏதோ ஒன்று மேலே போனது, நாலு பூ விழுந்தது, சல்யூட் அடித்தோம், பாடினோம், உறுதிமொழியும் சொல்லி முடித்தோம். முன்வரிசையில் நின்ற ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "டீச்சர், கொடி எங்க?" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. பத்து நிமிடம் கழித்து மூடுபனி விலகியபோதுதான் தெரிந்தது: பச்சை மேலே இருந்தது, காவி கீழே இருந்தது.

அதற்குள் பாதிப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவசர அவசரமாக இறக்கித் திருப்பிக் கட்டி ஏற்றினோம். யார் கட்டியது என்று ஆளாளுக்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், கட்டியது நான்தான் என்று நான் அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அதன் பிறகு கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் என்று வேறு வேறு பள்ளிகளில் இருந்துவிட்டேன். கொடி நாள் வேலையை யாரும் விரும்பி எடுப்பதில்லை, அதனால் அது எப்போதும் என் தலையில்தான் விழும். கீழே இருந்து புதிதாக மாறுதலில் வருபவர்கள் ஒவ்வொரு ஜூலையும் போன் பண்ணிக் கேட்பதை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் கயிறு, கப்பி. சிரிக்காதீர்கள். கொடிக்கு மரியாதை என்று மேடையில் பேசுவது எல்லாம் அப்புறம், கயிறு சிக்கிக்கொண்டால் அன்றைக்கு மொத்தமும் கேலிக்கூத்துதான். மலையில் இரும்புக் கம்பம் சீக்கிரம் துரு பிடிக்கும், உச்சியில் இருக்கும் கப்பி அதற்கும் முன்னால் பிடிக்கும். ஒரு வாரம் முன்பே ஆளை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், முந்தின நாள் சாயந்திரம் போதாது. எண்ணெய் விடும்போது தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். கீழே இருந்து வருபவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு இது. கோத்தகிரியில் காலை எட்டு மணிக்குத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது, கப்பிக்குள்ளும் அது அப்படியே வெள்ளையாக உறைந்துதான் உட்கார்ந்திருக்கும். தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் போதும், இல்லையென்றால் கொஞ்சம் கிரீஸ்.

கயிறு நூல் கயிறாக இருந்தால் ஈரத்தில் உப்பிக் கப்பியில் இறுகிக்கொள்ளும். நைலான் கயிறு வழுக்கிக்கொண்டு ஓடும், அதையே வாங்குங்கள். கம்பத்தில் தொங்கும் இரண்டு கயிறில் எதை இழுத்தால் கொடி ஏறும், எதை இழுத்தால் அவிழும் என்று தெரிவதற்கு ஒன்றில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு முடிச்சு போட்டு வைக்கிறேன். கொடியேற்ற வரும் ஊராட்சித் தலைவருக்கோ பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவிக்கோ அதைக் காட்டி, "அம்மா, சிவப்பு நூல் கட்டின கயிறை முதல்ல தொடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாதி வழியில் கொடி அவிழ்ந்து பூ எல்லாம் தலையில் கொட்டிய கதை எங்கள் பக்கம் ஒவ்வொரு பள்ளியிலும் ஒன்று இருக்கிறது.

இனி கட்டுவது. சுத்தமான மேஜைமேல் கொடியை விரியுங்கள், பெஞ்சு என்றால் மேலே ஒரு துணி போட்டுக்கொள்ளுங்கள். கொடியின் ஒரு ஓரத்தில் தடிமனாக உறை மாதிரித் தைத்து உள்ளே கயிறு ஓடும், கம்பத்துப் பக்கம் வரவேண்டியது அதுதான். காவி இருக்கும் நுனியை மேலே போகிற கயிறோடும் பச்சை இருக்கும் நுனியைக் கீழே வருகிற கயிறோடும் முடிய வேண்டும். இதைச் செய்துவிட்டு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், "காவி மேலே, பச்சை கீழே" என்று. நான் இன்றைக்கும் சொல்லுவேன், பிள்ளைகள் சிரிக்கும். பிறகு நீளவாக்கில் இரண்டு மூன்று மடிப்பு, நடுவில் கொஞ்சம் பூ, அப்புறம் பறக்கும் முனையிலிருந்து கயிறு இருக்கும் ஓரத்தை நோக்கிப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டே வாருங்கள். கீழ்க் கயிறை அந்தச் சுருளைச் சுற்றி இரண்டே சுற்று சுற்றி, மூன்றாவது சுற்றில் முழுக் கயிறையும் நுழைக்காமல் இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு வளையம் மட்டும் உள்ளே சொருகுங்கள். மேலே போனதும் அந்தக் கீழ்க் கயிறை ஒரு இழுப்பு இழுத்தால் வளையம் உருவிக்கொண்டு வந்துவிடும், கொடி விரியும். ரிப்பன் கட்டுகிற அதே சுருக்குத்தான், எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளிடம் கொடுத்தால் நம்மைவிட அழகாகக் கட்டுவார்கள்.

இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. முந்தின ராத்திரியே கட்டி வைக்காதீர்கள். ஒரு பள்ளியில் அப்படிக் கட்டிக் கம்பத்தடியிலேயே தொங்கவிட்டுவிட்டு வந்தார்கள், ராத்திரி முழுக்கப் பனி இறங்கி, அது நூல் கயிறு வேறு, காலையில் முடிச்சு கல் மாதிரி ஆகிவிட்டது. வந்த சிறப்பு விருந்தினர் இழுக்கிறார், இழுக்கிறார், கம்பமே ஆடுகிறது. கடைசியில் பக்கத்து லைன் வீட்டிலிருந்து மரத்தில் மிளகு பறிக்கும் ஒரு அண்ணனைக் கூட்டிவந்து ஏற்றி அவிழ்த்தோம். முந்நூறு பேர் சல்யூட் அடித்த கையோடு அப்படியே நின்றிருந்தார்கள்.

பூ விஷயமும் சொல்லிவிடுகிறேன். விரிக்கும் முன் உள்ளே பூவிதழ் வைப்பதை விதியே அனுமதிக்கிறது. ஆனால் ஈரப் பூ வைத்தால் துணியோடு ஒட்டிக்கொண்டு விழவே விழாது, துலுக்க சாமந்தி நடு வெள்ளையில் மஞ்சள் கறை போடும், ரோஜா காய்ந்தால் பழுப்பு. ரோட்டோரம் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும் ஹைட்ரேஞ்சா இதழை முந்தின நாள் செய்தித்தாளில் உலர்த்தி வைத்தால் லேசாக, நின்று நிதானமாக இறங்கும். கம்பத்து உச்சியில் பூவோ மாலையோ கட்டக் கூடாது, அது மட்டும் வேண்டாம்.

கொடி எது வாங்குவது என்று கேட்பார்கள். இந்தியக் கொடி விதித் தொகுப்பு 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதலில் கையால் நூற்று நெய்த துணிதான் என்று இருந்ததை 2021 டிசம்பர் 30ஆம் தேதித் திருத்தத்தில் மாற்றி, பாலியெஸ்டரும் மெஷினில் செய்ததும் ஆகலாம் என்று சொல்லிவிட்டார்கள். கதர்க் கொடிக்கு என்று ஒரு அழகு உண்டு, அந்தத் துணி விரியும்போது ஒரு கனம் இருக்கும். ஆனால் மிஸ்டில் பத்து நிமிடம் நின்றால் ஈரத் துண்டு மாதிரிக் கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும், காய வைக்க நாலு நாள் ஆகும். அதனால் எங்கள் பள்ளியில் திங்கட்கிழமைக் கொடி வணக்கத்துக்குப் பாலியெஸ்டர், ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் கதர். அளவு எதுவானாலும் நீளமும் உயரமும் 3க்கு 2 என்று இருக்க வேண்டும், சாதாரணப் பள்ளிக் கம்பத்துக்கு 1350க்கு 900 மில்லிமீட்டர் கொடி சரியாக இருக்கும். சக்கரத்தில் 24 ஆரம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், மலிவுக் கொடிகளில் குறையும். எண்ணுகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், ஒரு பீரியடு நிம்மதியாகப் போகும், அவர்களும் ஜன்மத்துக்கும் மறக்க மாட்டார்கள்.

பிளாஸ்டிக் கொடி வேண்டவே வேண்டாம். கொடி விதி ஒருபக்கம் இருக்கட்டும், நீலகிரியில் பிளாஸ்டிக்குக்கு எத்தனையோ வருடமாகத் தடை. மலையடிவாரத்துச் சோதனைச் சாவடிகளான கல்லாறிலும் குஞ்சப்பனையிலும் வண்டியை நிறுத்தித் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குகிறார்கள், நாம் பள்ளிக்குள் முந்நூறு பிளாஸ்டிக் கொடியை விநியோகித்தால் எப்படி?

சரி, இப்போது நிற்பது.

பள்ளிகளுக்கு என்றே கொடி விதியில் ஒரு பகுதி இருக்கிறது, பெரும்பாலானவர்கள் படித்ததே இல்லை. திறந்த சதுரமாக நிற்க வேண்டும் என்கிறது: மூன்று பக்கம் பிள்ளைகள், நாலாவது பக்கத்தின் நடுவில் கம்பம். தலைமை ஆசிரியர், மாணவர் தலைவர், கொடியேற்றுபவர் மூவரும் கம்பத்துக்கு மூன்று எட்டு பின்னால். பெரிய வகுப்பு வலது கோடியில், அங்கிருந்து வயது வரிசைப்படி. வரிசைக்கு வரிசை ஒரு எட்டு, அதாவது 30 அங்குல இடைவெளி. வகுப்பாசிரியர் தன் வகுப்பின் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்க வேண்டும். கவனியுங்கள், பின்னால். பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்கள் ஓரமாகக் கூடி நின்று பேசிக்கொண்டிருப்பதற்கு அதில் இடமே இல்லை.

இந்தச் சதுரம் கீழ்நாட்டு மைதானத்துக்குச் சரி. எங்கள் பள்ளிகளில் மைதானம் என்பது மலையை வெட்டி எடுத்த ஒரு படிக்கட்டு, கீழே தேயிலை, மேலே மண்சரிவைத் தாங்கும் சுவர். சதுரம் வராது, இரண்டு பக்கம்தான் வரும், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது, விதியே அதை மாதிரி வழிகாட்டுதல் என்றுதான் சொல்கிறது. நான் பார்ப்பது ஒன்றுதான்: சின்னப் பிள்ளைகள் காற்று வாங்குகிற ஓரத்தில் நிற்கக் கூடாது. பெரியவர்களை ஓரத்தில் நிறுத்திச் சின்னவர்களைச் சுவர்ப் பக்கம் போடுங்கள்.

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜனவரி 26 உறைபனிக் காலம். ஊட்டிப் பக்கம் புல்வெளி எல்லாம் உப்புக் கொட்டினதுபோல வெள்ளையாக இருக்கும், எட்டு மணிக்குப் பிள்ளையின் ஷூவுக்குள் தண்ணீர் போயிருக்கும். ஆகஸ்ட் 15 கூடலூர், பந்தலூர் பக்கம் நடு மழைக்காலம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அதுவும் சுதந்திர தினத்துக்கு ஒரு வாரம் முன்புதான். இப்படிப்பட்ட இடத்தில், குல்லாவைக் கழற்று, மப்ளரை எடு, ஸ்வெட்டர் மேல் கொடி பேட்ஜ் தெரிய வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். கொடியைப் பார்த்து நேராக நிற்க வேண்டும், கொடி விரிந்ததும் சல்யூட் அடிக்க வேண்டும், கேட்கப்படுவது அவ்வளவுதான். காது வலிக்கிற குழந்தை குல்லாவோடு நேராக நின்றால் அது முழு மரியாதைதான். பிள்ளைகள் சாப்பிடாமல் வருவார்கள், சீக்கிரம் போக வேண்டும் என்ற அவசரத்தில். வரிசைக்கு நிற்கும் முன்பே ஆளுக்கு ஒரு வர்க்கியும் சூடாக டீயும் கொடுத்துவிடுங்கள், முடிந்த பிறகு கொடுப்பதைவிட அது நல்லது, மயக்கம் போட்டு விழுவது பாதியாகக் குறையும். உரைகளைச் சுருக்குங்கள். விருந்தினரிடம் ஐந்து நிமிடம் என்று சொன்னால் இருபது நிமிடம் பேசுவார், அதனால் நான் இரண்டு நிமிடம் என்றுதான் சொல்வேன்.

யார் ஏற்றுவது என்பதில் தெளிவாக இருங்கள். ஊராட்சித் தலைவர் வருவது வழக்கமென்றால் அவர் யாராக இருந்தாலும் அவர்தான். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர்களைக் கொடியேற்ற விடாத சம்பவங்கள் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன, அதற்காக 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எல்லா மாவட்ட ஆட்சியருக்கும் கடிதமே எழுத வேண்டி வந்தது. நம் பாடப்புத்தகத்தைத் திறந்தால் தீண்டாமை ஒரு பெருங்குற்றம் என்று முதல் பக்கங்களிலேயே இருக்கிறது. கம்பத்தடியில் யாராவது முணுமுணுத்தால் அந்தப் பக்கத்தைப் பிள்ளைகளை விட்டு மைக்கில் படிக்க வைத்துவிடுங்கள், வேறு சண்டையே வேண்டாம்.

வரிசைமுறை. தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்குங்கள், 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடல் என்று அரசாணை வந்துவிட்டது, 55 வினாடியில் பாட வேண்டும், எழுந்து நிற்க வேண்டும், நிற்க முடியாத மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விலக்கு. பாட்டைப் போனிலிருந்து போடாமல் பிள்ளைகளே பாடுவதுதான் அழகு. பிறகு கொடி. ஏற்றும்போது விறுவிறுவென்று, இறக்கும்போது மெதுவாக. கொடி விரிந்த அந்தக் கணத்தில் சல்யூட், கொஞ்ச நேரம் அப்படியே நின்று கையை இறக்கியதும் தேசிய கீதம், 52 வினாடி. குளிரில் பிள்ளைகள் ரயில் பிடிக்கப் போகிற வேகத்தில் பாடுவார்கள், ஒரு வருடம் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், 41 வினாடியில் முடித்துவிட்டார்கள். அருவங்காட்டில் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எப்படி ஓடுவார்களோ அப்படி. முந்தின வாரம் இரண்டு நாள் மேஜையைத் தட்டித் தாளம் போட்டுப் பாட வைத்தால் சரியாகிவிடும். கீதம் பாடும்போது சல்யூட் வேண்டாம், நேராக நின்றால் போதும். உறுதிமொழி கீதத்துக்குப் பிறகு. தினசரிக் காலை வணக்கத்தில் உறுதிமொழி முன்னாலும் கீதம் கடைசியிலும் வருவது நம் பழக்கம், அது இருக்கட்டும், கொடி நாளில் மட்டும் விதி சொல்கிற வரிசையில் போங்கள்.

கை எப்படி வைப்பது? என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். தேசிய உறுதிமொழிக்கு வலது கையை முன்னால் நீட்டி நிற்பது நம் பள்ளிகளில் வழிவழியாக வரும் பழக்கம். ஆனால் கொடிக்கு என்று தனியாக ஒரு உறுதிமொழி விதியில் இருக்கிறது, தேசியக் கொடிக்கும் அது குறிக்கும் இறையாண்மை மிக்க, சமதர்ம, சமயச்சார்பற்ற, ஜனநாயகக் குடியரசுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்கிற ஒரே வரி, அதைச் சொல்லும்போது கைகூப்பி நிற்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். கையை நீட்டச் சொன்னால் ஒன்றாம் வகுப்பில் முன்னால் நிற்பவன் முதுகைக் குத்துவான், அரை நிமிடத்தில் கை தொய்யும், கும்பிடு என்று சொன்னால் ஒரு பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் மாவுக்கட்டு போட்டவன், இடது கைப் பழக்கம் உள்ளவள், சக்கர நாற்காலியில் இருப்பவர், இவர்களை எல்லாம் இழுத்துத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள்.

வெலிங்டன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் நாம் எதுவும் சொல்லித்தர வேண்டாம். ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் பயிற்சி மைதானத்தை வேலிக்கு வெளியே இருந்து பார்த்தே வளர்ந்தவர்கள், நேராக நில் என்றால் சப்தம் ஒன்றாக விழும். அங்கே வேலை செய்தபோது எனக்குத்தான் ஒரு ஐந்தாம் வகுப்புப் பெண், "டீச்சர், குதிகால் சேரணும், விரல் பிரியணும்" என்று திருத்தினாள்.

தினமும் சொல்கிற தேசிய உறுதிமொழிக்கு வருகிறேன், ஏனென்றால் கயிறைவிட இதில்தான் நாம் அதிகம் கோட்டை விடுகிறோம். இதை எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ், விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அதிகாரியாக இருந்தவர், 1962இல் தெலுங்கில் எழுதினார். அடுத்த வருடம் அங்கே ஒரு பள்ளியில் முதலில் வாசிக்கப்பட்டு, 1965 ஜனவரி 26 முதல் நாடு முழுக்கப் பள்ளிகளுக்கு வந்தது. சம்பளப் பட்டியல் பார்க்கிற கருவூலத்துக்காரர் ஒருவர் எழுதியதைத்தான் கோடிக்கணக்கான பிள்ளைகள் தினமும் சொல்கிறார்கள் என்று ஒருமுறை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், அதுவரை தூங்கியவன்கூட நிமிர்ந்து உட்காருவான்.

ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சொல் மாறும், "எனது நாடு" என்று ஒரு இடம், "தாய்நாடு" என்று இன்னொரு இடம். பாடப்புத்தகத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். சொல்லித்தருகிற பிள்ளை பாதிப் பாதி வரியாக நிறுத்திச் சொல்ல வேண்டும், மூச்சு விடாமல் ஓடக் கூடாது. "பன்முக மரபுச் சிறப்புக்காகவும்" என்ற இடத்தில் எல்லா வகுப்பும் தடுக்கி விழும். "பன்முக மறப்பு", "பல்முகம்", இப்படி எல்லாம் வரும். கூச்சலில் அது அமுங்கிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. ஒருநாள் எட்டாம் வகுப்பில் அதை எழுதிக் காட்டச் சொன்னேன், முப்பத்திரண்டு பேரில் சரியாக எழுதியவர்கள் நாலு பேர். எட்டு வருடமாகத் தினமும் சொன்னவர்கள்!

திட்டாமல் அர்த்தம் சொல்லத் தொடங்கினேன். அர்த்தம் என்றால் அகராதி இல்லை. எங்கள் வகுப்பையே காட்டினேன். வீட்டில் படுகு பேசுகிற பிள்ளை இருக்கிறது, இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளை இருக்கிறது, மலையாளம் பேசுகிற பிள்ளை, சமவெளியிலிருந்து எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம். "மழை" என்பதற்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வைத்தேன், போர்டு நிறைந்துவிட்டது. இதுதான் பன்முக மரபு, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அதன்பிறகு அந்தச் சொல்லில் யாரும் தடுக்கவில்லை.

அந்தப் பீரியடில்தான் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், எங்க தாத்தா சிலோன்ல பொறந்தவரு. அவரு இத சொல்லலாமா?" என்று கேட்டாள். எனக்கு ஒரு நிமிடம் தொண்டை அடைத்துவிட்டது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பியோர் என்று பெயர் வைத்து இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஏராளமானவை நீலகிரிக்குத்தான் வந்தன, அவர்களுக்கு வேலை கொடுக்கவே அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்டது, டேன்டீ என்று இன்றைக்கும் பச்சைப் பலகை நிற்கிறதே, அதுதான். அந்த ஜனவரி 26க்குத் தாத்தாவைக் கூப்பிட்டோம். கம்பளிக் கோட்டும் வேட்டியுமாக வந்தார். தலைமன்னாரில் கப்பல் ஏறியதும், ராமேஸ்வரத்தில் இறங்கியதும், மண்டபம் முகாமில் கொடுத்த சோறு உப்பில்லாமல் இருந்ததும் அவருக்கு நேற்று மாதிரி நினைவிருந்தது. உறுதிமொழியை அவர் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொன்னோம், கண்ணாடி கொண்டுவராததால் பேத்தி பக்கத்தில் நின்று காதில் எடுத்துக் கொடுத்தாள். மைக் இரண்டு முறை போனது. எந்த வருடமும் இல்லாத அமைதி அன்றைக்கு இருந்தது.

பாட மறுக்கும் பிள்ளை வந்தால் என்ன செய்வது? வரும், பயப்படாதீர்கள். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை, பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் தவறு என்றது, பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சொல்வார்கள். எழுந்து நிற்பதே மரியாதைதான், வாயைத் திறக்க வைக்க யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அடுத்தவர் பாடுவதைத் தடுப்பதும் குழப்பம் பண்ணுவதும்தான் 1971ஆம் வருடச் சட்டத்தில் குற்றம். கூட்டத்துக்கு நடுவில் அந்தப் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்காதீர்கள், பெற்றோரைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள்.

அடிப்பதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு பள்ளியில் கொடியை மடித்துக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பையன் கை வழுக்கி ஒரு முனையைத் தரையில் விட்டுவிட்டான். பக்கத்தில் நின்ற ஆசிரியர் பளாரென்று ஒன்று வைத்தார், தேசியக் கொடிடா என்று கத்திக்கொண்டே. வேண்டுமென்றே தரையில் படவிடுவதைத்தான் சட்டம் குறை சொல்கிறது, தவறி விழுந்தால் எடுத்து உதறி மடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். பிள்ளையை அடிப்பதோ 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் நேரடியாகவே தடை. எல்லோரிடமும் அன்பும் மரியாதையும் காட்டுவேன் என்று அந்தப் பையனும் அந்த ஆசிரியரும் சேர்ந்து சொல்லி அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன், அந்தக் கோபம் இப்போதும் என்மேல்தான் இருக்கிறது.

அலங்காரத்தில் சில சின்ன விஷயங்கள். கொடிமேல் எதையும் எழுதக் கூடாது, பள்ளிப் பெயரைக்கூட. பேச்சாளர் மேஜைக்கு விரிப்பாகப் போடக் கூடாது, ஜீப்பின் முன்னால் போர்த்தக் கூடாது. மூவர்ணத்தில் ரங்கோலி, காகிதத் தோரணம், கேக் என்றால் பதறாதீர்கள். கோயம்புத்தூரில் ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் மூவர்ணக் கேக் வெட்டிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், அது அவமதிப்பு ஆகாது என்று 2021இல் தீர்ப்பே வந்துவிட்டது. ஆனாலும் ரங்கோலியைப் பிள்ளைகள் மிதித்துக்கொண்டு போகிற வாசலில் போடாமல் ஓரமாகப் போடலாமே.

இனி எல்லாரும் மறக்கிற பாகம். மிட்டாய் கொடுத்ததும் பள்ளி காலியாகிவிடும், கொடியை யார் இறக்குவது? சூரியன் மறைவதற்குள் இறக்க வேண்டும் என்றுதான் நாங்கள் படித்தோம். 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு திறந்த வெளியில் பறக்கும் கொடி இரவிலும் பறக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் ராத்திரி விட்டால் காற்று கிழிக்கும், விடிந்தால் குரங்கு கயிறைப் பிடித்து ஊஞ்சலாடும், ஒருநாள் சாயந்திரம் இறக்கப் போனபோது கம்பத்தடியில் காட்டெருமை ஒன்று படுத்துக்கொண்டு அசை போட்டுக்கொண்டிருந்தது, அது எழுந்து போகும்வரை வராண்டாவில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதனால் பக்கத்து வீட்டுப் பெற்றோர் ஒருவரையும் இரண்டு பெரிய பிள்ளைகளையும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள்.

தரையில் கிடக்கும் காகிதக் கொடிகளையும் அன்றைக்கே பொறுக்க வேண்டும், குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. பழைய சாக்பீஸ் டப்பா ஒன்றை வாசலில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோகாதவர்கள் இதில் போட்டுவிட்டுப் போங்கள் என்று சொன்னால் முக்கால்வாசி அதிலேயே விழும். அவற்றையும், கிழிந்து நைந்துபோன துணிக் கொடியையும், நாலு பேர் பார்க்காமல், தனியாக, முழுசாக எரித்துவிட வேண்டும். எரிப்பதா என்று அதிர்ச்சியாக இருக்கும், நைந்த கொடியை எரிப்பதே நல்லது என்று விதியே சொல்கிறது. கிழிந்த கொடியை ஏற்றுவதோ கரித்துணி ஆக்குவதோதான் தப்பு.

மடிப்பதற்கு முன்னால் காய வேண்டும். ஈரத்தோடு பீரோவில் வைத்தால் ஜனவரியில் எடுக்கும்போது வெள்ளைப் பட்டையில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் பூத்திருக்கும், அதற்கு மருந்தே இல்லை. ஆகஸ்டில் வெயிலுக்கு எங்கே போவது? வகுப்பறையில் இரண்டு பெஞ்சைத் தள்ளிப் போட்டு நடுவில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், தரையில் முட்டாமல். சத்துணவுக் கூடத்து அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், புகை பிடித்துக்கொள்ளும். மூன்று நாள் ஆனாலும் ஆகட்டும்.

காய்ந்த பிறகு இரண்டு பேர் எதிரெதிராக நின்று, காவியையும் பச்சையையும் நடு வெள்ளைக்கு அடியில் போகிற மாதிரி மடக்கி, பிறகு இரண்டு பக்கத்தையும் நடுவை நோக்கி உள்ளே மடித்தால், மேலே சக்கரமும் கொஞ்சம் காவியும் கொஞ்சம் பச்சையும் மட்டும் தெரியும். அதை இரண்டு உள்ளங்கைமேல் வைத்துத்தான் எடுத்துப் போக வேண்டும். எங்கள் பள்ளியில் இந்த வேலை ஒன்றாம் வகுப்புக்கு. ஏற்றுகிற கௌரவம் பெரியவர்களுக்குப் போய்விடுகிறது, எடுத்துப் போவதாவது இவர்களுக்கு இருக்கட்டும் என்று வைத்தேன். போன வருடம் ஒரு வாண்டு பீரோ வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டே நடந்துவந்து, என் கையில் கொடுத்த பிறகுதான் புஸ்ஸென்று விட்டான்.